சின்னக் கச்சேரிக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவது?

போன மாதம், தேவாலயத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். வாசிக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. நண்பர்களோடு சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். திருமண வரவேற்பு, கல்லூரி விழா, அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் என்று சின்னச் சின்னக் கச்சேரிகள் வருகின்றன. "அண்ணே, சேர்த்து வச்ச காசுக்கு ஒரு பொருள்தான் வாங்க முடியும். காம்போ ஆம்ப் வாங்கவா, ஹெட்டும் கேபினெட்டும் தனித்தனியா வாங்கவா, இல்ல ஆம்பே வேணாம்னு ஒரு ப்ரீ-ஆம்ப் டி.ஐ. மட்டும் வாங்கிக்கவா?" என்று கேட்டான்.

ஆம்ப் என்பது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. அதுவும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் காம்போ. தனித்தனியாக இருந்தால் ஆம்புக்கு ஹெட் என்றும் ஸ்பீக்கர் பெட்டிக்குக் கேபினெட் என்றும் பெயர். டி.ஐ. என்பது கிட்டாரின் ஒலியை, எல்லா ஒலிகளையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி.

இரண்டு மணி நேரம் பேசினோம். அதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

என் பதில் இதுதான். முதல் காசு டி.ஐ.க்கு. அடுத்த காசு 100 வாட் அளவிலான காம்போவுக்கு. ஹெட்டும் கேபினெட்டும் இப்போதைக்கு வேண்டாம். இந்த வரிசை தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் திருச்சியில் இருந்து சுற்று வட்டாரத்துக் கச்சேரிகளுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் என்னிடம் கிட்டாரும் ஒரு கேபிளும் மட்டும்தான் இருந்தன. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மேடையில் சுருண்டு கிடந்த நீளமான கேபிளின் முனையைக் கையில் கொடுத்து, "இதுல சொருகிக்கங்க" என்றார். மறுமுனை மண்டபத்தின் கோடியில் இருந்த மிக்ஸரில் நேராகப் போய் முடிந்தது. வாசித்தால், போர்வைக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி ஒரு சத்தம். கிட்டாரில் டோன் குமிழை முழுக்கத் திறந்தேன். விரலை பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பிகள் முடியும் இடத்துக்கு நகர்த்தி அழுத்தி வாசித்தேன். எதுவும் எடுபடவில்லை. வீட்டில் சின்ன ஆம்பில் அவ்வளவு தெளிவாகப் பேசிய அதே கிட்டார்தான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. பேட்டரி இல்லாத சாதாரண பேஸ் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அதிலிருந்து வரும் மின்சாரம் மிகவும் நலிந்தது. அதை வாங்கிக்கொள்ளும் கருவியின் உள்வாயில் (ஒலி நுழையும் முனையில்) சுமார் 10 லட்சம் ஓம் மின்தடை இருந்தால்தான் முழு ஒலியும் வந்து சேரும். மிக்ஸரின் லைன் உள்வாயில் இருப்பதோ பெரும்பாலும் 10,000 ஓம் அளவுதான். மெதுவாக ஊறுகிற கிணற்றில் பெரிய மோட்டாரைப் போட்டு இறைப்பதுபோல் அது பிக்கப்பை வறள வைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கேபிள் நீள நீள மேல் அலைவரிசைகளைத் தின்றுவிடும். மிச்சம் வருவது அந்தப் போர்வைச் சத்தம்.

அதோடு ஒரு இரைச்சலும் சேர்ந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஈ கம்பியில் மூன்றாவது கட்டை ஜி, 49 ஹெர்ட்ஸ். அதாவது மின்சார இரைச்சல் நம் ஜி சுரத்தைவிட ஒரே ஒரு ஹெர்ட்ஸ் மேலே நிற்கிறது. அன்றைக்கு ஒரு பாட்டு ஜி-யில் முடிந்தது. கடைசி சுரத்தை நீட்டிப் பிடித்தபோது, நொடிக்கு ஒரு முறை ஒலி எழும்பி எழும்பி அடங்கியது. கம்பி சுருதி விலகிவிட்டது என்று நினைத்து மேடையிலேயே திருகிக்கொண்டிருந்தேன். சுருதி சரியாகத்தான் இருந்தது. பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்ணில் இருந்த இரண்டு ஒலிகள் மோதிக்கொண்டதுதான் அந்த அலை.

டி.ஐ. பாக்ஸ் என்கிற கைக்கடக்கமான டப்பா இந்த இரண்டு நோய்க்கும் மருந்து. கிட்டாருக்கு ஏற்ற பெரிய மின்தடையைக் காட்டி ஒலியை முழுசாக வாங்கிக்கொள்கிறது. பிறகு அதை மைக் கேபிளில், எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று பின் முனை வழியாக, நேர் ஒன்றும் தலைகீழ் ஒன்றுமாக இரண்டு பிரதியாக அனுப்புகிறது. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டுவதால், மிக்ஸரில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது காணாமல் போய்விடுகிறது. நம் ஒலி மட்டும் மிஞ்சும். 30 மீட்டர் கேபிள் போட்டாலும் கவலை இல்லை. பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மேடைக்கும் மிக்ஸருக்கும் வேறு வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் வரும் இரைச்சலுக்கு அதைத் தட்டினால் போதும்.

சாதாரண டி.ஐ. இவ்வளவுதான் செய்யும். ப்ரீ-ஆம்ப் டி.ஐ. இன்னும் ஒரு படி மேலே போய், பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்களையும் (அடி, நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைப்பவை) ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து தரும் அந்தக் கதகதப்பான ஒலியையும் பெட்டிக்குள்ளேயே தருகிறது. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் 90-களில் இருந்தே இதைச் செய்துவருகிறது. அந்த வழியில் இன்று பல நிறுவனங்களின் பெட்டிகள் கிடைக்கின்றன. காசு குறைவென்றால் பெஹ்ரிங்கர் பிடிஐ21 போன்ற பிளாஸ்டிக் பெட்டியும் வேலை செய்யும், காலால் ஓங்கி மிதிக்காமல் இருந்தால்.

ஆம்ப் இல்லாமல் வாசிப்பது ஏதோ குறைவான வேலை என்று தம்பிக்கு ஒரு எண்ணம் இருந்தது. அப்படி இல்லை. டெட்ராய்டில் மோட்டவுன் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் 60-களில் வாசித்த பேஸ் பெரும்பாலும் நேராக ஒலிப்பதிவுக் கருவிக்குள்தான் போனது. அவரிடம் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்றும் தட்டை இழை சுற்றிய பழைய கம்பிகளும் இருந்தன. அதே ஜேமர்சன் இரவில் கிளப்புகளில் வாசிக்கப் போகும்போது ஆம்பெக் பி-15 காம்போவை வைத்துக்கொண்டார். கேட்பவருக்கு ஒலி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துத்தான் கருவி.

சின்னக் கச்சேரிக்கும் அதே கணக்குதான். வரவேற்பு மண்டபத்தில் நம் பேஸ் ஜனங்கள் காதுக்குப் போவது சவுண்ட் சர்வீஸின் பாஸ் பாக்ஸ், அதாவது அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டி வழியாக. தேவாலயத்தில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் வழியாக. இரண்டு இடத்திலும் நாம் மேடையில் எவ்வளவு பெரிய பெட்டி வைத்திருந்தாலும், கடைசியில் ஒலியைத் தீர்மானிப்பவர் மிக்ஸர் முன்னால் நிற்பவர். அவர் கைக்குப் போகும் ஒலி நல்லதாக இருக்கவேண்டும். அது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இதனால்தான் முதல் காசு டி.ஐ.க்கு என்கிறேன்.

சரி, அப்படியானால் காம்போ எதற்கு? நம் காதுக்கு.

ஆம்பை விட்டுவிட்டு ப்ரீ-ஆம்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு சுற்றிய ஒரு வருடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தை மாதம், ஒரே வாரத்தில் நாலு வரவேற்பு. மூன்றாவது மண்டபத்தில் இரண்டாவது பாட்டிலேயே எங்கள் பக்கத்து மானிட்டர், அதாவது வாசிப்பவர்களுக்குக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், நின்றுபோனது. சவுண்ட் தம்பி ஓடி வந்து கேபிளை ஆட்டிப் பார்த்தார், மாற்றிப் பார்த்தார், வரவில்லை. வெளியே பேஸ் நன்றாகத்தான் கேட்டது. மேடையில் எனக்கு மட்டும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம், மண்டபத்தின் பின்சுவரில் மோதித் திரும்பி வந்த என் பழைய சுரங்கள்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. பாஸ் பாக்ஸ் நம்மிடமிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால், வாசித்த சுரம் 29 மில்லி செகண்ட் கழித்துத்தான் காதுக்கு வரும். அதைச் சமாளித்துவிடலாம். பின்சுவர் 25 மீட்டரில் இருந்தால் போய்த் திரும்பி வர 146 மில்லி செகண்ட். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஓடும் பாட்டில், ஒரு தட்டைக் காலாகப் பிரித்தால் ஒவ்வொரு காலும் 125 மில்லி செகண்ட். அதாவது நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கால் தட்டுக்கும் மேலே பின்தங்கிய பேஸை. காது அதோடு சேர்ந்துபோகப் பார்க்கும். விரல் தானாகவே தாமதமாகும். டிரம்மர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் அவருடைய வலது காலைப் பார்த்துக்கொண்டே, கிக் பெடல் இறங்கும்போது கம்பியை விட்டு, அந்த இரண்டரை மணி நேரத்தை ஓட்டினேன். வாசித்த சந்தோஷம் ஒரு துளிகூட இல்லாத கச்சேரி அது. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

அந்த வாரத்திலேயே கிடங்கில் கிடந்த சின்ன காம்போவைத் தூசி தட்டி எடுத்தேன்.

காம்போவில் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஒரு கையால் தூக்கலாம். மின்சாரம் கொடுத்துச் சொருகினால் வேலை முடிந்தது. ஃபெண்டர் ரம்பிள் வரிசையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம், எளிதில் பார்க்கக் கிடைப்பது என்பதால். 40 வாட் பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர், எடை 8 கிலோ சுமார். 100 வாட் பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர், 10 கிலோ. இரண்டிலும் பின்பக்கம் மிக்ஸருக்குப் போக எக்ஸ்எல்ஆர் முனை உண்டு.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 40 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் ஒலி கூடுவது 4 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆனால் பேஸுக்கு வேறு ஒரு தேவை இருக்கிறது. கம்பியைச் சுண்டும் அந்த முதல் கணத்தில் சட்டென்று நிறையச் சக்தி கேட்கும். டிரம்ஸ் பக்கத்தில் 40 வாட்டை முழுக்கத் திறந்து வைத்தால், அந்தச் சுண்டல் நசுங்கி 'பொத் பொத்' என்று வரும். 100 வாட்டைப் பாதிக்கு மேல் கொஞ்சம் திறந்து வைத்தால் அதே அளவுச் சத்தம் மூச்சோடு வரும். ஆக்டோபேடும் கீபோர்டும் தபேலாவும் மட்டும் இருக்கும் குழு என்றால் 40 போதும். தோல் டிரம்ஸ் இருந்தால் 100.

இன்னொன்று. ஈ கம்பியின் அடிச் சுரம் 41 ஹெர்ட்ஸ். 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஒரு சின்னப் பெட்டி அதைப் பெரிதாக எழுப்பவே எழுப்பாது. அதன் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸ்களைத்தான் தரும். அவற்றைக் கேட்டு மூளை அடிச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நாம் எந்த சுரத்தில் இருக்கிறோம் என்று தெரிய அது போதும். ஆகவே மேடையில் பேஸ் குமிழைத் திருகிக்கொண்டே போவதில் பயனில்லை. அப்படிச் செய்தால் ஸ்பீக்கர்தான் திணறும். 41 ஹெர்ட்ஸின் அலை நீளம் 8 மீட்டருக்கு மேல். அதைக் கட்டி எழுப்புவது மண்டபத்துப் பாஸ் பாக்ஸின் வேலை.

கூட்டிவைக்க வேண்டியது மிட் குமிழ். இதை நான் தமிழ்ப் பாட்டு வாசித்துத்தான் கற்றேன். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் இடத்தில் பேஸ் வரியை வாயால் பாடிக் காட்டுகிற ரசிகர்களை நான் ஒவ்வொரு கல்யாணத்திலும் பார்க்கிறேன். அவர்களுக்கு அது இன்னொரு மெட்டு. ஆகவே அடியில் உறுமினால் மட்டும் போதாது, எந்த சுரம் என்று காதுக்குத் தெரியவேண்டும். அந்தத் தெளிவு 500 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, 200 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினால், கீபோர்டுக்காரரின் இடது கையோடு மோதாமல் பேஸ் வெளியே தெரியும்.

வைக்கும் இடமும் முக்கியம். மண்டப மேடைகள் பல இரும்புக் கால்மேல் பலகை அடித்தவை, உள்ளே வெற்றிடம். அதன்மேல் ஆம்பை நேராக வைத்தால் மேடையே தவில் மாதிரி அதிர ஆரம்பிக்கும். மணமக்கள் சோபா வரை அதிர்வு போகும். மூலையில் ஒட்டி வைத்தாலும் அடி ஒலி பெருத்துக் கலங்கும். நான் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஆம்பைப் பின்பக்கமாகச் சாய்த்து வைப்பேன். ஸ்பீக்கர் முழங்காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கும். பாதி சத்தத்திலேயே நன்றாகக் கேட்கும். சத்தத்தைக் குறைத்தால் பாடுபவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

இனி ஹெட்டும் கேபினெட்டும். இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம்.

1969-ல் ஆம்பெக் எஸ்விடி வந்தபோது 300 வாட் என்பது பெரிய விஷயம். அதோடு சேர்ந்த எட்டு ஸ்பீக்கர் கேபினெட் மட்டும் 60 கிலோவுக்கு மேல். பெரிய அரங்குகளில் மேடை ஆம்பே மொத்த ஒலியையும் சுமக்கவேண்டியிருந்த காலத்துக்கு அது சரியான கருவி. இன்று கிளாஸ்-டி என்கிற எடை குறைந்த மின்சுற்றும் நியோடிமியம் காந்தமும் வந்த பிறகு, 500 வாட் ஹெட் 2, 3 கிலோவுக்குள் பையில் அடங்கிவிடுகிறது. அழகான பொருள்தான். ஆனால் ஹெட் குட்டியானாலும் கேபினெட் கேபினெட்தான். டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஆட்டோ வைக்கவேண்டும், குறைந்த பேமெண்ட் கச்சேரியில் ஆட்டோ செலவு நம் கையைக் கடிக்கும். அப்புறம், எட்டு ஓம் கேபினெட் ஒன்றை மட்டும் மாட்டினால் 500 வாட் ஹெட் முழுச் சக்தியும் தராது, அது பெரும்பாலும் நாலு ஓமுக்குச் சொன்ன கணக்கு. முழுசாகப் பெற இன்னொரு எட்டு ஓம் கேபினெட் வாங்கி இணைக்கவேண்டும். ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் ஸ்பீக்கர் கேபிள்தான் போடவேண்டும், கிட்டார் கேபிள் போட்டால் சூடாகிவிடும். குழுவுக்குச் சொந்த வண்டியும் கருவி வைக்க ஒரு அறையும் இருந்தால் வாங்கலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம் என்பேன்.

இப்போது அந்தத் தலைகீழ் இடம். மொட்டைமாடிப் பிறந்தநாள், சின்ன காபிக் கடை, அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடம். இங்கே சவுண்ட் என்பது ஸ்டாண்டில் ஏற்றிய இரண்டு 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர்கள்தான், பாஸ் பாக்ஸ் கிடையாது. பாடகர்கள், கீபோர்டு, முன்பே பதிவுசெய்த டிராக் எல்லாம் அதன் வழியாகவே போகும். அதில் பேஸையும் ஏற்றினால், கிக்கும் பேஸும் சேர்ந்து ஸ்பீக்கரை உந்தும்போது பாடகரின் குரல் நடுங்கும். இப்படிப்பட்ட இடத்தில் டி.ஐ. வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேஸை முழுக்க காம்போவிலேயே விட்டுவிட்டு, குரலுக்கு ஸ்பீக்கரைக் காலியாக விட்டுக் கொடுப்பதுதான் நல்லது. ஐம்பது, அறுபது பேர் இருக்கும் இடத்துக்கு 100 வாட் காம்போ தாராளம். மாதத்தில் பாதிக்குமேல் இப்படிக் கச்சேரி என்றால், முதல் காசைக் காம்போவில் போடுங்கள், பின்னால் எக்ஸ்எல்ஆர் முனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து.

அந்த முனை இருந்தால் தனி டி.ஐ. எதற்கு என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பல மாடல்களில் அந்த முனை குமிழ்களுக்குப் பிறகு எடுக்கப்படுகிறது. என் காதுக்காக நான் மிட்டைத் திருகினால் வெளியேயும் மாறிவிடும், மிக்ஸரில் இருப்பவர் தலையைச் சொறிவார். ஆம்ப் நின்றால் இரண்டும் நின்றுவிடும். தனி டி.ஐ.யில் நேராக வரும் முனை ஆம்புக்கு, எக்ஸ்எல்ஆர் மிக்ஸருக்கு. ஆம்ப் செத்தாலும் ஜனங்களுக்குப் பாட்டு நிற்காது.

காதில் மாட்டும் மானிட்டர் பற்றியும் கேட்டான். ப்ரீ-ஆம்போடு இடுப்பில் செருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்று சேர்த்தால், காம்போ இல்லாமலே சமாளிக்கலாம். நானும் ஒரு காதில் மட்டும் மாட்டிப் பார்த்தேன். சுரம் துல்லியமாகக் கேட்கிறது. ஆனால் முதுகுக்குப் பின்னால் காற்று அசைவது இல்லை, டிரம்மரோடு உட்கார்ந்து வாசிக்கிற உணர்வு பாதி போய்விடுகிறது. குழு முழுவதும் அதற்கு மாறினால் நல்லது, நான் மட்டும் மாறியது எனக்குப் பிடிக்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. டி.ஐ. என்றாலும் காம்போ என்றாலும், கம்பிகள் அந்தக் கருவியின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. மைக் மிக்ஸரின் எர்த்தோடு. இரண்டும் வேறு வேறு பிளக்கிலிருந்து வந்து, ஒன்றில் எர்த் இல்லாமல் இருந்தால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டவுடன் ஷாக் அடிக்கும். ஜெனரேட்டரில் ஓடும் கச்சேரியில் எனக்கு ஒரு முறை உதட்டில் சுரீரென்று அடித்திருக்கிறது. அன்றிலிருந்து மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்று பையிலேயே இருக்கிறது. மேடைக்குப் போனதும் முதல் வேலை அதைச் சொருகிப் பார்ப்பது. எர்த் இல்லை என்றால் மிக்ஸர் ஓடும் அதே போர்டிலிருந்து ஆம்புக்கும் இழுத்துத் தரச் சொல்வேன், மைக்கில் பாட மாட்டேன். இரைச்சல் போகட்டும் என்று ஆம்பின் எர்த் பின்னை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இரைச்சலுக்கு டி.ஐ.யில் சுவிட்ச் இருக்கிறது.

கிட்டாரை மாற்ற வேண்டுமா என்பது தம்பியின் கடைசிக் கேள்வி. அவனிடம் இருப்பது ஜாஸ் பேஸ் வடிவம், இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப். வரவேற்பு மேடையில் பின்னால் எல்.இ.டி. சுவர், சுற்றிலும் சீரியல் லைட். ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் 'ஜ்ஜ்ஜ்' என்று இரையும். இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடக்கிவிடும், அப்படியே வாசி என்றேன். 1957-லிருந்து பிரிசிஷன் பேஸில் இருக்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப்புக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மண்டபமே கதி என்று இருக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும். ஐந்து கம்பியா என்றால், 90-களுக்குப் பின் வந்த பாடல்களில் சின்த் பேஸ் ஈ-க்குக் கீழே இறங்கும் இடங்கள் நிறைய உண்டு. பாடகிக்காக ஸ்கேல் மாற்றும்போதும் உதவும். ஆனால் அந்த ஐந்தாவது கம்பியான பி 31 ஹெர்ட்ஸ். நல்ல பாஸ் பாக்ஸ் இல்லாத இடத்தில் அது வெறும் தடதடப்பு. நாலு கம்பியை நன்றாகச் செட்டப் செய்து, புதுக் கம்பி மாட்டினாலே இந்த வருடம் ஓடிவிடும்.

பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கேபிள் கிட்டாரில் சொருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது பிடுங்கிவிட்டுப் போங்கள்.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து அவனுக்கு வந்திருக்கும் கச்சேரிகளை ஒரு பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினோம். மண்டபம் மூன்று. மூன்றிலும் பாஸ் பாக்ஸோடு சவுண்ட் சர்வீஸ் வருகிறது. ஞாயிறுதோறும் தேவாலயம், அங்கே மானிட்டர் நன்றாகவே இருக்கிறது. மொட்டைமாடிப் பிறந்தநாள் ஒன்றே ஒன்று. ப்ரீ-ஆம்ப் டி.ஐ. வாங்குவது என்று முடிவானது. ஒரு நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிளும் ஒரு டெஸ்டரும் போக, கொஞ்சம் காசு மிஞ்சும். அது காம்போ உண்டியலுக்கு.

மொட்டைமாடிக் கச்சேரிக்கு என் காம்போவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஸ்கூட்டரில் கொண்டுபோக முடியுமா என்று கேட்டான். முன்னால் கால் வைக்கும் இடத்தில், கேஸ் சிலிண்டர் வைக்கிற மாதிரி நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கம் உன்னைப் பார்த்தபடி வைத்தால் சரியாக உட்காரும் என்று சொல்லி அனுப்பினேன்.